மூச்சுக் கணக்கு

"வாசம் வருதுங்களா?" என்று கேட்டார் டியூனர்.

வந்தது. கண் எரிகிற அளவுக்குப் பெட்ரோல் வாசம். கோவையில், டிராக்கில் ஓடும் வண்டிகளை மட்டும் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறை அது. சக்கரங்களைச் சுழலவிட்டு எஞ்சினைச் சோதிக்கும் டைனோவின் உருளைகள்மேல் ஒரு பழைய எஸ்டீம் காரைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பின் சீட் கிடையாது, ஏசி கிடையாது, கதவுக்குள் வெறும் தகரம். சற்றுமுன் கழற்றிப் போட்ட நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் செய்தித்தாள்மேல் கரி அப்பிக் கிடந்தன. எஞ்சின் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் எக்ஸாஸ்ட் குழாயில் பதித்திருந்த ஆக்சிஜன் சென்சார் மட்டும், மடிக்கணினித் திரையில் லாம்டா 1.00 என்று நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது. காற்றும் பெட்ரோலும் அளந்து வைத்தாற்போலக் கலந்திருக்கின்றன என்று அதற்குப் பொருள்.

"மூக்கு ஒண்ணு சொல்லுது, மீட்டரு ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யுங்க. மூக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது."

திரையின் மறுபாதியில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை. குறுக்கே 16, நெடுக்கே 16, மொத்தம் 256 கட்டங்கள். குறுக்கே எஞ்சின் சுழலும் வேகம்: 500 ஆர்பிஎம்மில் தொடங்கி 8,000 வரை. நெடுக்கே இன்டேக் மானிஃபோல்டுக்குள் இருக்கும் காற்றழுத்தம், கிலோபாஸ்கல் கணக்கில். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இதைத்தான் ஃப்யூயல் மேப் என்கிறார்கள். எஞ்சினை நடத்தும் கணினியாகக் கம்பெனி கொடுத்த இசியுவைக் கழற்றிவிட்டு, கேம்ஷாஃப்டை மாற்றி, எக்ஸாஸ்டுக்கு ஹெட்டர் போட்டு, தனி இசியு வைத்த வண்டிக்கு இந்த 256 எண்களையும் யாராவது உட்கார்ந்து நிரப்பியாக வேண்டும். இந்த எஸ்டீமுக்கு முன்பே யாரோ நிரப்பியிருந்தார். 2,000 ஆர்பிஎம், 45 கிலோபாஸ்கல் என்ற இடத்தைச் சுற்றிச் சில கட்டங்களில் எண்கள் திடீரென்று மேடு தட்டியிருந்தன. அக்கம்பக்கத்தில் 57, 60 என்று இருக்க, அங்கே மட்டும் 74.

ஃப்யூயல் மேப் என்ற பெயரே பாதி தவறு. பெரும்பாலான தனி இசியுக்களில் அந்த 74 பெட்ரோலின் அளவைச் சொல்வதில்லை. எஞ்சின் எவ்வளவு மூச்சு இழுக்கிறது என்பதன் கணக்கு அது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஸ்டீமின் எஞ்சின் 1,298 சிசி, நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 325 சிசி. 20 டிகிரி செல்சியஸில், 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்று 1.19 கிராம் எடை இருக்கும். சிலிண்டர் முழுக்க நிரம்பினால் உள்ளே போவது 0.39 கிராம் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அப்படியானால் இந்தக் காற்றுக்குத் தேவை சுமார் 26 மில்லிகிராம் பெட்ரோல். கொள்ளளவில் 0.035 மில்லிலிட்டர். தண்ணீர்ச் சொட்டு ஒன்று சுமார் 0.05 மில்லிலிட்டர். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஒரு சிலிண்டர் ஒரு தடவைக்குக் கேட்பது ஒரு சொட்டுக்கும் குறைவு!

அந்த முக்கால் சொட்டை 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 தடவை கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லிநொடி. நிமிடத்துக்கு 240 மில்லிலிட்டர் பாய்ச்சும் இன்ஜெக்டர் என்றால், 0.035 மில்லிலிட்டர் தெளிக்க அது ஏறக்குறைய 9 மில்லிநொடி திறந்திருக்க வேண்டும். தாராளமாக நேரம் இருக்கிறது. இதே எஞ்சினில் டர்போ பொருத்தி உள்ளே போகும் காற்றை இரட்டிப்பாக்கி, பாதுகாப்புக்காகக் கால் பங்கு பெட்ரோலும் கூடக் கொடுத்தால், தேவை 22 மில்லிநொடி. கையில் இருப்பதோ 20. அட்டவணையில் என்ன எண்ணைத் தட்டினாலும் இந்த இரண்டு மில்லிநொடி வராது. பெரிய இன்ஜெக்டர்தான் வாங்க வேண்டும். மேப்பை மாற்றினாலே எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மானிஃபோல்டில் காற்றின் அழுத்தம் தெரியும், வெப்பநிலை தெரியும், சிலிண்டரின் கொள்ளளவு தெரியும். பிளஸ் ஒன்னில் படித்த வாயுச் சமன்பாட்டை வைத்தே உள்ளே இருக்க வேண்டிய காற்றின் எடையை இசியு கணித்துவிடும். கணிக்க முடியாத ஒன்று, சிலிண்டர் உண்மையில் எவ்வளவு நிரம்புகிறது என்பது. அந்த விழுக்காடுதான் அட்டவணையின் எண். நல்ல நான்கு வால்வு எஞ்சின் தனக்குப் பிடித்த வேகத்தில் 90-ஐத் தொடும். இன்டேக் குழாயில் காற்றின் அலை சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து முட்டினால், டர்போ இல்லாமலே 100-ஐத் தாண்டுவதும் உண்டு. மெதுவாகச் சுழலும்போது இறங்கிவிடும்.

ஏன் இறங்குகிறது என்பதற்கு டவுன் பஸ்ஸைப் பார்த்தால் போதும். முன்படியில் இறங்குகிறார்கள், பின்படியில் ஏறுகிறார்கள். கூட்டம் வேகமாக இறங்கினால் அந்த இழுப்பிலேயே பின்னால் நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். எஞ்சினிலும் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டு படியும் திறந்திருக்கும் அந்தக் கணம், வேகமாக ஓடும்போது வரம். ரேஸ் கேம்ஷாஃப்ட் என்பது அந்தக் கணத்தை நீட்டித்து வைப்பது. ஆனால் ஐடிலில் கூட்டத்துக்கு அவசரமே இல்லை. இறங்கியவர்களில் பாதிப் பேர் திரும்ப ஏறிக்கொள்கிறார்கள். எரிந்த புகை சிலிண்டருக்குள் திரும்பி வந்து, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ரேஸ் கேம் போட்ட வண்டி சிக்னலில் நிற்கும்போது விக்கி விக்கி உறுமுவது இதனால்தான். அந்தச் சத்தத்துக்காகவே சிலர் கேம் மாற்றுகிறார்கள் என்பது வேறு கதை.

கேம், ஹெட்டரின் நீளம், ஏர் ஃபில்டர், த்ராட்டிலின் வாய் அகலம், எல்லாம் சேர்ந்துதான் இந்த மூச்சைத் தீர்மானிக்கின்றன. ஒரே மாடல் வண்டியாக இருந்தாலும் ஹெட்டர் வேறு என்றால் மூச்சு வேறு. "உங்க மேப்ப வாட்ஸ்அப்ல அனுப்புங்க ப்ரோ" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது, அடுத்தவர் பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது மாதிரி. பார்வை தெரியத்தான் செய்யும்.

கார்பரேட்டர் காலத்தில் அட்டவணையே கிடையாது. பித்தளை ஜெட்டின் ஓட்டைதான் அட்டவணை. மெக்கானிக்கின் டப்பாவில் பல அளவில் ஜெட்டுகள் கிடக்கும். மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்க அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களின் கடைசியிலேயே முயன்றது. கிரைஸ்லரின் 1958 மாடல்கள் சிலவற்றில் அது வந்தது. அன்றைய மின்னணு பாகங்கள் தாங்கவில்லை, பெரும்பாலான வண்டிகளுக்குத் திரும்பக் கார்பரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்திக்கொண்ட பாஷ் நிறுவனம், 1967-ல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் அதை வோக்ஸ்வாகன் 1600-ல் ஓட வைத்தது. மானிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் கணிக்கும் அதே வழியில்தான் இந்த எஸ்டீமின் இசியுவும் வேலை செய்கிறது. 1979-ல் மோட்ரானிக் வந்தபோது பெட்ரோலும் ஸ்பார்க்கும் ஒரே கணினிக்குள் எண்களாகப் போய்ச் சேர்ந்தன.

இனி அந்த எண்களை நிரப்பும் வேலை. டைனோ பிரேக் போட்டு வண்டியை 3,000 ஆர்பிஎம்மிலேயே நிறுத்திவைக்கிறது. டியூனர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி 60 கிலோபாஸ்கலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். சென்சாரைப் பார்க்கிறார். வேண்டியது லாம்டா 0.88, வருவது 0.94, கட்டத்தில் இருக்கும் எண் 80 என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 0.94-ஆல் பெருக்கி 0.88-ஆல் வகுத்தால் 85.5. அதைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் வண்டி ஓடினால், சுற்றியுள்ள நான்கு எண்களையும் தூரத்துக்கேற்பக் கலந்து இசியுவே இடைப்பட்ட எண்ணைப் போட்டுக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். பொறுமைதான் வேண்டும். சென்சார் பார்ப்பது சற்றுமுன் எரிந்த புகையை. புகை குழாய் வழியே வந்து சேர நேரமாகும், அதனால் கட்டத்தில் நிலையாக நிற்காமல் படித்த எண் பக்கத்துக் கட்டத்தின் எண்ணாகத்தான் இருக்கும்.

இதற்கு வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். 1976-ல் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய வோல்வோ வண்டிகளில் முதன்முதலாக வந்த சாதா லாம்டா சென்சாருக்கு, சரியான விகிதத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். எவ்வளவு தூரம் என்று தெரியாது.

லாம்டா 1-தான் சரியான விகிதம் என்றால் 0.88 எதற்கு? அதிக சக்தி கேட்கும்போது சிலிண்டருக்குள் தட்டுப்பாடு ஆக்சிஜனுக்குத்தான், பெட்ரோலுக்கு இல்லை. விருந்தில் ஒரு இலைகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றால் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆக்க வேண்டும். பெட்ரோல் சற்று அதிகம் இருந்தால் ஆக்சிஜன் மொத்தமும் பயன்படும். டர்போ இல்லாத எஞ்சின் பொதுவாக 0.85-க்கும் 0.90-க்கும் இடையில் அதிக சக்தி கொடுக்கும். டர்போ வண்டிகளுக்கு இன்னும் கீழே, 0.8-ஐ ஒட்டி வைப்பார்கள். ஆவியாகும் பெட்ரோல் சூட்டையும் இழுத்துக்கொள்கிறது.

லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடினால் எஞ்சின் சூடாகும் என்று பட்டறைகளில் சொல்வது முக்கால் உண்மை. 0.85-லிருந்து 1-ஐ நோக்கிப் போகப் போகச் சூடு ஏறும். 1-ஐத் தாண்டி வெகுதூரம் லீனாகப் போனால் சூடு குறையத்தான் செய்யும். ஆபத்து, முழு ஆக்சிலேட்டரில் 0.85 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருப்பது. அப்போது எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவை ஸ்பார்க்கின் தீ வந்து சேருமுன் தானாக வெடிக்கிறது. நாக்கிங் என்பது அந்தச் சத்தம். பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டிக் காப்பாகப் படிந்திருக்கும் மெல்லிய வாயுப் படலத்தை அந்த அதிர்வலை துடைத்து எறிந்துவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் உலோகக் கலவையோ அதற்கும் முன்பே. பெட்ரோல் அதிகமாகி ரிச்சாக ஓடுவது அவ்வளவு அவசரமாகக் கொல்லாது. சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, ரிங்குகளைத் தேய்த்து, ஆயிலில் பெட்ரோல் கலந்து மெதுவாகக் கொல்லும்.

அட்டவணையில் உண்மையான மூச்சுக் கணக்கு இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். கோவையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சுமார் 96 கிலோபாஸ்கல் வரிசையில் ஓடும் வண்டி, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குப் போனால் தானாகவே 77-ன் வரிசைக்கு இறங்கிக்கொள்ளும். ஜெட் மாற்ற வேண்டாம். கெடுவது, வேறெங்கோ இருக்கும் பிழையை மறைக்க அட்டவணையில் எண்ணைத் திருத்தும்போது.

இன்ஜெக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் அதன் ஊசி உடனே மேலே எழும்பிவிடாது. 14 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிநொடி அதற்கே போய்விடும். 9 மில்லிநொடி திறக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஐடிலில் மொத்தமே 2.2 மில்லிநொடிதான் என்றால், அதில் 1 வீண், பெட்ரோல் பாய்வது 1.2. இந்த வீண் நேரத்தில் 0.2 மில்லிநொடி பிழை வந்தால் பெட்ரோலில் ஆறில் ஒரு பங்கு போச்சு. பெரிய இன்ஜெக்டர் மாட்டியவர் இந்த நேரத்தை இசியுவுக்குச் சரியாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். ஐடில் தடுமாறுகிறது. ஐடில் கட்டங்களில் எண்ணை ஏற்றிவிடுகிறார். வண்டி சமத்தாக நிற்கிறது. இரவில் ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டதும் வோல்டேஜ் இறங்குகிறது, ஊசி இன்னும் சோம்பலாக எழும்புகிறது, வண்டி அணைந்துபோகிறது. இப்போது எந்தக் கட்டத்தைத் திருத்துவது? அட்டவணைக்கு வோல்டேஜ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"ஒரு எடத்துல பொய் எழுதீட்டா, அதுக்கு முட்டுக் குடுக்க இன்னும் நாலு எடத்துல எழுதோணும்" என்றார் டியூனர், எஞ்சினை அணைத்துக்கொண்டே.

அப்புறம் அவர் மடிக்கணினியைத் தொடவே இல்லை. எஞ்சின் ஆறும்வரை டீ குடித்தோம். "தம்பி, அந்தத் துணிய எடு" என்றார். பையன் சைலன்சர் வாயில் துணியைச் சுருட்டி வைத்து, குளிர்ந்த எஞ்சினைத் திரும்பக் கிளப்பினான். டியூனர் சோப்புத் தண்ணீரை எக்ஸாஸ்ட் இணைப்புகளில் தெளித்துக்கொண்டே வந்தார். ஹெட்டரும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில், சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், குமிழ் குமிழாக நுரை கிளம்பியது. அங்கிருந்த போல்ட்டைச் சுற்றி ஒரு கரிக்கோடும் இருந்தது. அதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

எக்ஸாஸ்ட் குழாயில் அழுத்தம் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் ஒரு கணம் உள்ளே இழுக்கும். மெதுவான ஓட்டத்தில் அந்த இழுப்பில் ஓட்டை வழியே வெளிக்காற்று புகுந்துவிடும். சென்சார் ஆக்சிஜனைத்தான் எண்ணுகிறது. அது எஞ்சினுக்குள்ளிருந்து வந்ததா, கேஸ்கட் வழியாக நுழைந்ததா என்று அதற்குத் தெரியாது. லீன் என்று சொல்லிவிடும். முன்பு டியூன் செய்தவர் அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றியிருக்கிறார், மறுபடி லீன், மறுபடி ஏற்றியிருக்கிறார், மீட்டர் 1.00 காட்டும்வரை. அதிக வேகத்தில் புகை நெருக்கித் தள்ளுவதால் இந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் அந்த மேடு அட்டவணையின் கீழ்மூலையில் மட்டும் இருந்தது. பிளக் ஒன்று எரியாமல் விட்டாலும் இதே கூத்துதான்: எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வர, சென்சார் லீன் என்று முறையிடும்.

புது கேஸ்கட் போட்டு, வண்டியைச் சூடாக்கி, அதே 2,000 ஆர்பிஎம், 45 கிலோபாஸ்கலில் நிறுத்தினார். லாம்டா 0.79. மூக்கு சொன்னது சரி. 74-ஐ 0.79-ஆல் பெருக்கினால் 58.5. அக்கம்பக்கத்து 57-க்கும் 60-க்கும் நடுவில் போய் அது சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது வரும் தயக்கம் அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்தது. அது இந்த அட்டவணையின் வேலை இல்லை. தெளித்த பெட்ரோலில் ஒரு பங்கு இன்டேக் துவாரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், புதுப் பானையில் ஊற்றிய முதல் தண்ணீரைப் பானையே குடித்துவிடுவது போல. அதை ஈடுகட்ட வேறு அமைப்பு இருக்கிறது. அதை மறுநாளைக்கு என்று வைத்தார்கள்.

இந்த எஸ்டீம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிரெய்லரில் ஏறிப் போகிற வண்டி. சாலையில் ஓட்ட முடியாது, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை.

டிரெய்லர் வைத்திருக்கும் மற்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டிவிட்டது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். இ20-க்கு அந்த 14.7 சுமார் 13.5 ஆகிவிடுகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலில் 0.87-க்கு வைத்த மேப் இன்று 0.93-ஐ ஒட்டி ஓடும். சாலை வண்டியின் இசியு இதில் பெரும்பகுதியைச் சென்சார் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். முழு ஆக்சிலேட்டரில் அட்டவணையை மட்டும் நம்பி ஓடும் ரேஸ் வண்டிக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. எத்தனாலின் நாக்கிங் தாங்கும் குணம் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதை நம்பிப் பந்தயம் ஓட்ட வேண்டாம். அடுத்த முறை டிராக்குக்கு ஏற்றுமுன் வைட்பேண்டை மாட்டி டைனோவில் ஒரு தடவை பாருங்கள். 0.93 காட்டினால் 256 கட்டங்களையும் நோண்டாதீர்கள், பெட்ரோலுக்கான அந்த ஒரு எண்ணை, அதாவது 14.7-ஐ, மாற்றுங்கள். அதற்கும் முன்னால், சைலன்சரில் துணியை வைத்துக் கேஸ்கட்டைப் பார்த்துவிடுங்கள்.